மெயின் சுவிட்சும் என் பெட்டியும்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் அலுவலகம். செல்போன் பரவத் தொடங்கிய காலம். அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லோருடைய கோப்புகளும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று, இரண்டு டிஸ்க் உள்ள ஸ்டோரேஜ் பெட்டியை நெட்வொர்க்கில் இணைத்தேன். அலுவலகம் மூடிய பிறகு ஒரு டிஸ்க்கில் உள்ளதை மற்றதில் அது நகல் எடுக்கும்.

எங்கே எடுக்க விட்டார்கள்? பின்னால் இருந்த கிடங்கைப் பூட்டும்போது, அலுவலகத்துக்கும் சேர்த்து இருந்த ஒரே மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது அங்கே வழக்கம். சாக்கு மூட்டைகளில் தீப்பிடிக்கும் என்ற பயம். பயம் நியாயம்தான். ஆனால் நகல் பாதியில் நின்றுவிடும். கடைசியில் ஒரு டிஸ்க் செத்தது. மேனேஜர் என்மேல் பாய்ந்தார்.

"எடோ, உன் பெட்டி கொள்ளாது, ஒண்ணுக்கும் ஆகாது. எடுத்துத் தூரப் போடு."

"பெட்டிக்கு ஒண்ணுமில்ல சேட்டா. தினமும் கரண்டைப் பிடுங்குறது நீங்கதான்."

"என் அச்சன் காலத்துலயும் இப்படித்தான்."

"உங்க அச்சன் காலத்துல மிளகு மட்டும்தான் இருந்துச்சு."

யாரிடமும் கேட்காமல் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயின் சுவிட்சை இறக்கினாலும் கரண்ட் வரும்படி, பெட்டி இருந்த முன்னறைக்குத் தனி லைனும் ஃபியூஸும் போட்டேன். மேனேஜர் முதலாளியை அழைத்து வந்தார்.

"இதைக் கழட்டினா நான் நாளைக்கு வரமாட்டேன். இருக்கிற டிஸ்க்கும் போனா என்னைக் கூப்பிடாதீங்க" என்றேன்.

முதலாளி ஒயரைக் கண்ணால் தொடர்ந்தார். "கிடங்குக்குள்ள போகலையே?"

"போகல."

"எங்கில் இருக்கட்டே." அப்படியானால் இருக்கட்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

புது டிஸ்க் போட்டேன். மறுநாள் காலையில் நகல் முழுதாக இருந்தது. மேனேஜர் அதன்பின் என்னோடு சாயா குடிக்க வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.