ஒரு தடவை போட்ட வெளிச்சம்

சென்ற வாரம் மன்னாரில் கீரிக் கடற்கரைக்குப் போகும் குறுகிய ஒழுங்கையில் ஒரு வான் என்னைப் பார்த்து வெளிச்சம் போட்டது. ஒரே ஒரு தடவை. பிற்பகல் வெயில் சுள்ளென்று எறித்துக்கொண்டிருந்ததால் அந்த வெளிச்சம் கண்ணைக்கூடக் கூசவைக்கவில்லை. மணல் இறக்கிக்கொண்டிருந்த லொறி ஒன்று பாதி வழியை அடைத்திருந்தது. மிச்ச இடத்தால் ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். ‘நீ முதலில் வா, நான் நிற்கிறேன்’ என்று எதிரே நின்ற வான் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நான் ஸ்கூட்டியின் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காலை ஊன்றி நின்றேன். பின்னால் என் சித்தப்பா, மடங்காத வலது காலை வெளியே நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

வீதியில் விளக்குகளைக் கண்டபடி பாவிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபம் நானாகத் தேடிக்கொண்டதல்ல, எங்கள் அலுவலகச் சாரதி அண்ணரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. போர் முடிந்து சனங்கள் மீளக் குடியேறத் தொடங்கியிருந்த காலம் அது. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்த எனக்கு, வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. காலை ஏழரைக்கு மன்னாரில் அந்த வெள்ளை வானில் ஏறினால், கடல்மேல் போகும் பாலத்தைக் கடந்து அடம்பன் பக்கத்துக் கிராமங்களையெல்லாம் சுற்றிவிட்டுப் பின்னேரம்தான் திரும்புவோம். முன்னால் சாரதி அண்ணர், பின்னால் நானும் என் கோப்புகளும் சீமெந்துத் தூசும். மூன்று வருடம் அப்படி ஓடியது. என் வீட்டாரோடு பேசியதைவிட அவரோடு பேசியதுதான் கூட.

அவர் எங்களைப்போல் கடல் கடந்து போனவரல்ல. போர்க்காலம் முழுவதும் இதே வீதிகளில் வாகனம் ஓட்டியவர். சோதனைச் சாவடியை நெருங்கும்போது முன் விளக்கைக் குறைத்து, உள் விளக்கைப் போட்டு, இருப்பவர்களின் முகம் சிப்பாய்க்குத் தெரியும்படி ஊர்ந்து போகவேண்டும். மறந்தால் துப்பாக்கிச் சூடு விழலாம். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவேயில்லை. யாரும் மறிக்காத காலத்திலும், இருட்டுப்படுகிற மம்மல் பொழுதில், முன்பு சாவடி இருந்த பாலத்தடிக்கு வந்ததும் அவருடைய கை தானாகப் போய் உள் விளக்கைப் போடும்.

“இப்ப ஆரும் கேக்கிறேல்லையே அண்ணை,” என்று நான் சிரிப்பேன்.

“கை கேக்குது தங்கச்சி,” என்பார்.

இப்படிப் பழகிய ஒருவருக்கு, வீதி திறந்தபின் வந்து குவிந்த வாகனங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மடு மாதா கோயில் திருவிழாக் காலத்துச் சொகுசு பஸ்கள், எதிரே வருபவன் கண் தெரியாமல் எந்தப் பள்ளத்தில் விழுந்தாலென்ன என்று முழு வெளிச்சத்தோடு வரும். மழை நாலு துளி விழுந்தால் போதும், சிலர் நாலு மூலை சிக்னலையும் மின்னவிட்டு ஓடுவார்கள். “நாலு பக்கமும் மின்னுது. இவர் எந்தப் பக்கம் போறார் எண்டு மாதாவுக்குத்தான் தெரியும்,” என்று திட்டுவார் சாரதி அண்ணர். ஒருநாள் எங்களுக்கு முன்னால் போன கார் ஒன்று, இடப்பக்க சிக்னலைப் போட்டுவிட்டு மறந்துபோய்ப் பாலம் முழுவதும் அப்படியே போனது. “இவர் இனிக் கடலுக்கதான் திரும்பப் போறார்,” என்றார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அது நொந்தது. “லைற்றால பொய் சொல்லுறவன் வாயால என்னத்தையும் சொல்லுவான் தங்கச்சி,” என்றார். என்ன மனிதர் இவர் என்று அன்று எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை இன்னும் கூடிற்று. இப்போது நினைத்தால் என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

அந்த நாட்களில் அடம்பன் வீதியைத் திருத்துவதற்காக ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மறுபக்கத்தால் ஒற்றை வழியாகத்தான் வாகனங்கள் போய்வந்தன. கொஞ்சம் ஒதுங்கி நிற்கலாமென்றால் வீதியோரம் முழுக்கச் சிவப்புப் பலகைகள், மண்டையோடு போட்டு, மிதிவெடி என்று எழுதியவை. டயரின் பாதி அகலம்கூட வெளியே இறங்கக்கூடாது. அந்த ஒற்றை வழித் துண்டின் இரண்டு முனையிலும் நின்று வழிவிட இடம் இருந்தது. புழுதிக்குள் ஆளை ஆள் தெரியாது. வெளிச்சம் மட்டும் தெரியும். அதனால் சாரதி அண்ணர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒரு தடவை வெளிச்சம் போட்டால், நான் நிற்கிறேன், நீ வா. இரண்டு தடவை போட்டால், நான் வருகிறேன், நீ நில். தேநீர்க் கடையில் சந்திக்கிற உழவு இயந்திரக்காரர், லொறிக்காரர், பால்காரர் எல்லோருக்கும் அவரே சொல்லிவைத்தார். இரண்டு கிழமைக்குள் அந்தப் பாதையில் ஓடிய அத்தனை பேரும் அதன்படி நடந்தார்கள். கடந்து போகிறவர் இடது கையை ஒருமுறை தூக்கிவிட்டுப் போவார். அதுதான் நன்றி.

என் சித்தப்பா அப்பாவின் தம்பி. முகாமில் இருந்த வருடங்களில் கட்டடங்களுக்குப் பெயின்ற் அடித்துச் சீவித்தவர், திரும்பி வந்தபின் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டி மீன் வியாபாரம் தொடங்கினார். விடியமுன் கீரிக் கடற்கரையில் மீன் எடுத்து அடம்பனில் விற்றுவிட்டு வருவார். கடல் அவருக்குப் பயமில்லை. அந்தச் சிவப்புப் பலகைகள்தான் பயம். அவற்றுக்கு நடுவில் எதிரே வாகனம் வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல், அந்தத் துண்டுக்கு வெளியே அரை மணித்தியாலம் நின்றுவிட்டு வந்த நாட்களும் உண்டு. நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

“எங்கட வெள்ளை வான் ஒருக்கா லைற் போட்டா நீங்கள் பயப்பிடாம வாங்கோ சித்தப்பா. அவர் நிக்கிறன் எண்டால் நிப்பார்.”

“ரெண்டு தரம் போட்டா?”

“நீங்கள் நில்லுங்கோ.”

அதன்பின் பல நாள் எங்கள் வான் நிற்க, சித்தப்பா கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போயிருக்கிறார். “உங்கட சித்தப்பான்ர மரியாதையைப் பாத்தீங்களே!” என்று சாரதி அண்ணர் சந்தோஷப்படுவார். எனக்கு அதில் ஒரு பெருமை. இரண்டு நல்ல மனிதர்களை நான் அறிமுகப்படுத்தி வைத்ததுபோல நினைத்துக்கொண்டேன்.

அன்று ஒரு கிராமத்தில் கட்டி முடித்த வீடுகளின் சாவி கொடுக்கும் நிகழ்வு. கொழும்பிலிருந்து வந்த மேலதிகாரி முன் இருக்கையில் இருந்தார். நாங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டோம். தோண்டிய துண்டின் முனையில் வான் நின்றது. புழுதி சற்று அடங்கியிருந்த நேரம், மறு முனையில் மீன் விற்று முடித்த சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் தெரிந்தது. வெளிச்சம் போடுகிற கம்பி அந்த வானில் தளர்ந்துபோயிருந்தது. அதற்கு மஞ்சள் ரேப் சுற்றி வைத்திருந்தார் சாரதி அண்ணர். இழுத்தால் ‘டக்’கென்று சத்தம் கேட்கும். ஒரு ‘டக்’ கேட்டது. சித்தப்பா புறப்பட்டார்.

மேலதிகாரி தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கி மணிக்கூட்டைப் பார்த்தார். “ஏன் நிற்கிறீங்கள்? போங்கோ, போங்கோ. மோட்டார் சைக்கிள்தானே, ஒதுங்குவான்.”

சாரதி அண்ணர் உடனே எடுக்கவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். முன் கண்ணாடியில் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “அண்ணை, சித்தப்பா வாறார்,” என்றேன். அது அவருக்குக் கேட்டது. கேட்டபிறகுதான் வானை எடுத்தார்.

புழுதிக்குள்ளிருந்து சித்தப்பா வெளியே வந்தபோது அவருடைய இடது கை மேலே தூக்கியிருந்தது. நன்றி சொல்லிக்கொண்டு வந்தார். வீதியோரம் அவர் ஒதுங்குவதற்கு இடம் இருந்தது. அந்தப் பகுதியில் மிதிவெடி அகற்றி முடித்து, பலகைகளையும் அதற்கு முந்தின வாரம்தான் பிடுங்கியிருந்தார்கள். ஆனால் அவருக்கு அந்தப் பலகைகள் இன்னும் அங்கேதான் நின்றன. வானுக்கு முன்னால் பிரேக் பிடித்து விழுந்தாரே தவிர, வீதியை விட்டு இறங்கவில்லை. வானின் முன் சில்லு அவருடைய முழங்காலில் ஏறியது.

பொலிஸ் நிலையத்து நீள மரவாங்கில் சாரதி அண்ணரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவரை முதலில் கேட்டார்கள். எழுந்து போய் மேசைக்கு முன்னால் நின்று, நிதானமாகச் சொன்னார். “ரெண்டு தரம் லைற் போட்டனான் சேர். அவர்தான் கவனிக்காம வந்தவர்.”

என் முறை வந்ததும் ஒரு தடவைதான் என்று சொன்னேன். “நீங்கள் அவருக்குச் சொந்தக்காரர். லைற்றைக் கண்ணால கண்டீங்களோ?” என்று கேட்டார் உத்தியோகத்தர். பின் இருக்கையிலிருந்து எப்படிக் காண்பது? சத்தம் கேட்டது என்றேன். அவர் சிங்களத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். மேலதிகாரி தான் தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டார். பிழை சித்தப்பாவின் பக்கம் என்று முடிந்தது.

வெளியே வான் நிழலில் சாரதி அண்ணர் எனக்காகக் காத்திருந்தார். “மூண்டு பெட்டைப் பிள்ளையள் தங்கச்சி. லைசென்ஸ் போனால் நான் என்ன செய்ய?” என்று அழுதார். நான் கல்லல்ல. அந்தப் பயம் எனக்கு விளங்காமலில்லை. பொலிசில் சொன்னதை மாற்றச் சொல்லி நான் அவரைக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போய், ஒருக்காத்தான் போட்டனான் எண்டு சித்தப்பாட்டை மட்டும் சொல்லுங்கோ அண்ணை. வேற ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.”

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “பாப்பம்,” என்றார்.

வரவேயில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை, பிறகு வீட்டுக்கும் வரவில்லை. நான் அந்த வானில் ஏறுவதை நிறுத்தினேன், அந்த வருட முடிவில் வேலையையும் விட்டேன். துரோகம் என்ற சொல்லை எங்கள் ஊரில் சின்ன விஷயங்களுக்குப் பாவிப்பதில்லை. அதற்கு இங்கே பாரமான அர்த்தம் உண்டு. ஆனாலும் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. வானை எடுத்ததைக்கூட ஒரு கணத்துத் தவறு என்று மன்னித்திருப்பேன். ஒரு மனிதனைத் தன் கண்ணையே சந்தேகிக்க விட்டுவிட்டுப் போனாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் சித்தப்பா கால் போனதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். “பிள்ளை, நான் பிழையா எண்ணிப்போட்டனோ?” நான் எத்தனை தரம் சொன்னாலும், “நீ எனக்காகச் சொல்லுறாய்,” என்பார். “அந்த மனுசன் பொய் சொல்லாது எண்டு நீதானே எனக்குச் சொன்னனி?” பின்னேரங்களில் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு, போகிற வருகிற வாகனங்களின் வெளிச்சங்களைப் பார்த்து, ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார். தன் கண்ணைப் பரீட்சித்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். வருடக்கணக்காக அப்படி இருந்தார்.

அடம்பன் வீதி இப்போது அகலமாக, கறுப்பாக, வழுவழுவென்று கிடக்கிறது. ஒற்றை வழியும் இல்லை, பலகைகளும் இல்லை. ஒரு தடவை, இரண்டு தடவை என்ற கணக்கை நினைவு வைத்திருக்கிறவர்களும் இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன், சென்ற வாரம் வரை.

கீரி ஒழுங்கையில் எதிரே நின்ற வானின் கண்ணாடிக்குப் பின்னால் தலை நரைத்திருந்தது. ஆனால் வெளிச்சம் போட்டபின் கம்பியிலிருந்து கையை எடுக்காமல், கழுத்தைச் சற்று முன்னால் நீட்டிப் பார்க்கிற அந்தப் பார்வையை மூன்று வருடம் பின் இருக்கையிலிருந்து பார்த்தவள் நான். தலைக்கவசம் போட்ட யாரோ ஒரு பெண்ணுக்கும் பின்னால் இருந்த வயதானவருக்கும் சாரதி அண்ணர் மரியாதையாக வழிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தை இன்னமும் சனம் நம்பும் என்று இருக்கிறார். நான் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தேன். அவருடைய முகம் ஒருபக்கமாகத் திரும்பியது.

சித்தப்பாவுக்கு அவ்வளவு தூரத்தில் முகம் பிடிபடவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்திருக்கிறது. என் தோளில் தட்டினார்.

“ஒருக்காத்தான் போட்டவர், பிள்ளை. நான் சரியாத்தானே எண்ணினனான்?”

“ஓம் சித்தப்பா. ஒருக்காத்தான். அண்டைக்கும் நீங்கள் சரியாத்தான் எண்ணினீங்கள்.”

“அப்ப போவன். அவர் நிக்கிறார்தானே.”

சொல்லிக்கொண்டே தன் இடது கையை மேலே தூக்கினார். நான் அந்தக் கையை எட்டிப் பிடித்து மெதுவாக இறக்கி என் தோளில் வைத்தேன். வான் எங்களைக் கடந்து, ஒழுங்கை முடக்கில் திரும்பி மறையும்வரை எஞ்சினை முடுக்கவில்லை.