அட்டைத் தூளும் ஆத்தாளும்

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தை ஒட்டி எனக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு விசிறி, சர்க்யூட் போர்டு செய்யும் சாமான்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் பகல் பொழுது முழுக்க அங்கேதான். மனைவிக்கு இன்னும் ரவாங்கில் தொழிற்சாலை வேலை. அந்தக் கொட்டகையை எடுத்துவிட்டுச் சமையலறையை நீட்ட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் பேச்சு. இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே இடம் அது. விடுவதாக இல்லை.

சுங்கை பெசார் பக்கம், சூப்புக்கு நல்ல விலை போகும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் கட்டடங்கள் நிறைய. குருவிகளைக் கூப்பிட அங்கே ஒலிப்பெட்டி வைத்திருப்பார்கள். பெட்டி கெட்டால் என்னிடம் வரும். பழைய போர்டு கருகியிருந்தால் புதிதாக ஒன்று செய்து கொடுப்பேன். கண்ணாடி நாரைப் பசையோடு அழுத்தி, மேலே செம்புத் தகடு ஒட்டிய அட்டைதான் அது. பெரிய அட்டையாக வாங்கி, பெட்டியின் அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். அடிக்கோலை வைத்து இரண்டு பக்கமும் கத்தியால் ஆழமாகக் கீறி, மேசை விளிம்பில் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி ஒடியும். தூள் அதிகம் பறக்காது. கைதான் வலிக்கும். அவசரமென்றால், தகடு சுழன்று அறுக்கும் கை கிரைண்டர். அதன் தூள் மாவாகப் பறக்கும், உடம்பில் பட்டால் அரித்து எடுத்துவிடும்.

அன்று குருவிக்காரருக்கு அவசரம். காலையிலிருந்து விடாத மழை, அதனால் துணியெல்லாம் கொட்டகைக்குள் கொடியில் கிடந்தது. நான் முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் விசிறியை வைத்து அறுத்தேன். தூள் என்னை விட்டு விலகிப் போனது. எங்கே போனது என்று பார்க்கவில்லை. எதிரே கொடியில் தொங்கியது மனைவியின் நைட்டி.

சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்து, குளித்து, அந்த நைட்டியை மாட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். குழம்பு கொதிப்பதற்குள் கழுத்தும் கையும் சிவந்து தடித்துவிட்டன. எங்களோடு இருக்கும் என் அம்மா பார்த்தாள். பாதி ஆயுள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் கழிந்தவள், அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஐயோ, ஆத்தா வந்துட்டாடா! யாரும் அவளத் தொடாதீங்க."

"அம்மா, இது போர்டு தூளும்மா. காலையில கிரைண்டர் போட்டேன்ல."

"நாள் பூரா அறுக்கிறவன் நீ. உனக்கு ஏன் வரல? வாயக் கழுவுடா மொதல்ல."

கையுறையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள்.

வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிக்கக் கூடாது என்றாகிவிட்டது. கஞ்சி காய்ச்சியது நான், வீடு கூட்டியது நான், அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்ததும் நான். வேலைக்கு அவள் லீவு சொல்லிவிட்டாள். நைட்டியைத் தனியாக ஊறவைத்து அலசிக் கொட்டகைக் கொடியில் போட்டேன். மறுநாள் காலையிலேயே தடிப்பு அடங்கிவிட்டது. "ஆத்தா எறங்குறா" என்றாள் அம்மா. மனைவி கண்ணைத் திறக்கவில்லை.

எனக்கு இருந்த பயம் வேறு. எழுந்ததும் இதையே சாக்காக வைத்துக் கொட்டகையை எடுக்கச் சொல்வாள். நியாயமும் அவள் பக்கம்தான். என்ன பதில் சொல்வது என்று கஞ்சி காய்ச்சும்போதெல்லாம் யோசித்தேன்.

மூன்றாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள் அம்மா. சாயங்காலம் மனைவி ஈரத்தலையோடு கொட்டகைக்கு வந்தாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"மொத நாளே எனக்குத் தெரியும்" என்றாள். "படுக்குறப்ப நைட்டிய மாத்தி ஒதறினேன். லைட்டு வெளிச்சத்துல மினுமினுன்னு பறந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? இந்த மூணு நாளு யாராச்சும் எங்கிட்ட தேத்தண்ணி எங்க, சட்டை எங்கன்னு கேட்டீங்களா? உங்களுக்கு ஒரு கொட்டகை இருக்கு லா. எனக்கு அந்தப் பாய்தான்."

கொட்டகையைக் காப்பாற்றத் தயாராக நின்றவனுக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது. மேசையில் பாதி கீறிய அட்டை கிடந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு, மூலையில் இருந்த கிரைண்டரைப் பார்த்தாள்.

"அடுத்த பெட்டி எப்ப வருது?"

"வெள்ளிக்கிழமை."

தலையாட்டினாள். கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நைட்டியை மட்டும் மேசைக்கு எதிரே கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.