எரிந்த கூரையும் புதுக் கம்பெனியும்

திண்டுக்கல் தோல் வியாபாரி உதுமான் ராவுத்தர், பிரியாணி தம்மில் இருக்கும்போதே மூடியைத் திறந்து பார்க்கிற மனிதர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அவர் வீட்டு அடுப்படிக் கூரை எரிந்தது. நஷ்ட ஈடு கேட்டுப் போனவரிடம் இன்சூரன்ஸ் கம்பெனி நாகலிங்கம், "நான் வந்து பாக்குற வரைக்கும் எதையும் தொட்றாதீங்க பாய்" என்றார். அவர் வரவில்லை, ஐப்பசி மழை வந்தது. மனைவி ஜெய்தூன் பீவி குடையைப் பிடித்துக்கொண்டு குழம்பு வைத்தார். ராவுத்தர் கொதித்துப்போய், நஷ்ட ஈடு வருமுன்பே வேறு கம்பெனிக்கு மாறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டைப் பார்வையிடப் புதுக் கம்பெனியிலிருந்து மறுநாளே ஆள் வந்தது. நாகலிங்கம்தான்.

"நானும் அங்கேருந்து மாறிட்டேன் பாய்" என்றவர் அண்ணாந்து பார்த்தார். "கூரையை இன்னும் சரிபண்ணலையா? இதுக்கு எப்படிப் பாலிசி குடுக்குறது?"

"நீங்கதானய்யா தொடக் கூடாதுன்னீக?"

"அது பழைய கம்பெனிக்காரன் சொன்னது பாய்."