பதினேழாம் எண் குழாய்

என் மேசை இழுப்பறையில் ஒரு அட்டைக் குழாய் இருக்கிறது. விரல் நீளம்தான். பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. உறைமேல் நீல மார்க்கரில் 17 என்று நான்தான் எழுதினேன். நுரையீரலின் பலத்தை அளக்கும் கருவியில் செருகி, ஒருவர் வாய்வைத்து ஊதியதும் தூக்கிப்போட வேண்டிய குழாய் அது. பதினேழு என்பது ஒரு அக்காவின் எண். அவர் அதில் ஊதவே இல்லை. ஆனால் அவர் ஊதினார், நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று என் ஆய்வறிக்கை சொல்கிறது. நினைக்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது, முதலில் என்மேல்.

அப்போது நான் முனைவர் பட்ட மாணவன். உடல்நலத்தையும் சமூகத்தையும் சேர்த்து ஆராய்கிறவர்களுக்கு எங்கள் பல்கலைக்கழகம் ஒரு ஃபெல்லோஷிப் கொடுத்தது. எனக்குக் கிடைத்தபோது பொதட்டூர்பேட்டையில் அப்பா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன். அடுத்த வீட்டில் அந்த அக்கா. பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்டில் கசடு உடைக்கும் வேலை அவருக்கு. ஷிப்டு முடிந்து வந்து, முகத்தில் சுற்றிய துண்டை உதறினால் வாசலில் கறுப்பாகப் பொடி கொட்டும். பேச்சுக்கு நடுவே இருமல் வரும், இருமலுக்கு நடுவே கிண்டல் வரும். என் கேள்வித்தாளைப் படித்துக் காட்டியபோது, "மூச்சு வாங்குதான்னு கேக்கறியே, எப்போன்னு கேளு தம்பி. படி ஏறும்போதா, புருசன் கிட்ட கத்தும்போதா?" என்றார். அவர் சொன்னதால்தான் மற்றப் பெண்கள் என்னிடம் வாய் திறந்தார்கள்.

ஆலைக்குள் பரிசோதனை நடத்த, அந்தப் பெண்களை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்ட் மேஸ்திரி ஒரே ஒரு நாள் அனுமதி வாங்கித் தந்தார். பெயர்ப் பட்டியலையும் அவரே எழுதினார். முந்தின நாள் உட்கார்ந்து பட்டியலின்படி ஒவ்வொரு உறையிலும் எண் போட்டேன். மறுநாள் பெண்கள் கண் மட்டும் தெரியத் துண்டு சுற்றிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். மேஸ்திரி பெயர் சொல்வார், ஒருவர் வந்து ஊதுவார். பச்சை வளையல் போட்ட இளம்பெண் ஒருத்தி நன்றாக ஊதினாள். பிறகு அக்காவின் பெயரை மேஸ்திரி கூப்பிட்டார். வந்து நின்றது அதே பச்சை வளையல். நான் பதினேழாம் குழாயை நீட்டினேன். அவள் இடுப்பிலிருந்து தன் பழைய குழாயை எடுத்து, "இதே போதும் சார், நல்லாத்தானே கீது. புதுசு எதுக்கு வீணா?" என்றாள்.

பொருளை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த பெண். அந்தச் சிக்கனத்தில் மேஸ்திரியின் குட்டு உடைந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கருவியைப் பார்த்தேன். அன்று மாலையே கருவியைத் துறையில் ஒப்படைக்க வேண்டும், அந்த வாரமே அறிக்கை போக வேண்டும், போகாவிட்டால் இரண்டாம் ஆண்டு ஃபெல்லோஷிப் கிடையாது. அவள் ஊதிய அளவைப் பதினேழுக்கு நேரே எழுதினேன். இன்னும் மூன்று பெயர்களுக்கும் இப்படியே நடந்தது. கடைசியில் பெட்டியில் நான்கு குழாய்கள் பிரிக்காமல் கிடந்தன. பையில் போட்டுக்கொண்டேன். மற்ற மூன்றை எங்கே தொலைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் அக்கா வாசலில் நின்று, "இருமறவங்க நாலு பேருக்கும் நேத்து முழுக் கூலியோட லீவு உட்டாரு மேஸ்திரி, மகராசன். எனக்கு எப்போ தம்பி ஊதறது?" என்று கேட்டார்.

"பார்க்கலாம்க்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

அறிக்கையைப் படித்த நெறியாளர், தரவு சுத்தமாக இருக்கிறது என்று முதுகில் தட்டினார். பெயர்கள் வெளியே தெரியக் கூடாது என்று நெறிமுறைக் குழு என்னை மூன்று முறை திருத்தி எழுதவைத்தது. ஊதியது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெயர்களை நான் ஊருக்கெல்லாம் மறைத்தேன். பட்டியலை எழுதிய மேஸ்திரியிடம் பெயரும் எண்ணும் பத்திரமாக இருந்தன. யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அவரிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. இதற்குப் பெயர் நெறிமுறையாம்.

எனக்குப் பட்டம் கிடைத்தது, விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது. அக்காவுக்கு ரயில் நிலையப் படிக்கட்டு ஏற முடியாமல் போனது. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நுரையீரல் கெட்டது ஆலையால்தான் என்று இழப்பீட்டு மனு போட்டார். ஆலையின் வக்கீல் என் அறிக்கையையும் மேஸ்திரியின் பட்டியலையும் சேர்த்து நீட்டினார். பதினேழு, நல்ல நிலை. வேலையில் இருந்தவரை நன்றாக இருந்த நெஞ்சு, வீட்டு அடுப்பில் கெட்டிருக்கும் என்று வாதாடினார். பல்கலைக்கழக முத்திரையைப் பார்த்தபின் மருத்துவக் குழு அக்காவின் இருமலை நம்பத் தயங்கியது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்கா கல்லூரியில் என் அறைக்கு வந்தார். இரண்டு மாடி ஏறியதில் வெகுநேரம் பேச முடியவில்லை. பிறகு மெதுவாக, "எம் பேர்ல ஊதினது யாரு தம்பி?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை எடுத்துக் காட்டினேன். அழுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியதோ, உறையைப் பிரிக்கக் கை நீட்டினேன். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"பிரிக்காதே. பிரிச்சா நான் ஊதிட்டேன்னு ஆயிடும். நீயே வச்சிக்கோ, கேஸுக்குக் கூப்பிடும்போது எடுத்துக்கினு வந்து நடந்தத சொல்லு."

அன்றே எழுதிக் கொடுத்திருக்கலாம். பட்டம் போகும், வேலை போகும், அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று ஓராண்டு கடத்தினேன். இந்த வாரம் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, புதிதாக ஃபெல்லோஷிப் பெற்றவர்களிடம் என் கள அனுபவத்தைப் பற்றிப் பேச வரச்சொல்லி, மதிய உணவு உண்டு என்ற குறிப்போடு. இன்னொன்று அக்காவின் போன். நாளை காலை கடைசி விசாரணை.

"குழாய் பத்திரமா கீதா தம்பி?"

"இருக்குக்கா."

"வருவியா?"

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. இருமல் ஓயும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பார்க்கலாம்க்கா என்று நாக்குவரை வந்தது.

"வரேன்க்கா" என்றேன்.

நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு நகல் பல்கலைக்கழகத்துக்கும் தபாலில் போய்விட்டது. குழாயை இழுப்பறையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.