உளவுப் படத்துக் காரை ஓட்டியது யார்?

சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு. விபத்தில் சிக்கிய கார்களைப் பார்த்து, உரிமையாளர் சொல்வது உண்மைதானா என்று காப்புறுதி நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பேன். மாடு குறுக்கே வந்தது என்பவரின் பம்பரில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். நின்றிருந்த காரை எவனோ இடித்துவிட்டான் என்று அழுபவரின் டயர், பிரேக் அடித்ததில் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். இப்படியே பல வருஷம் ஓடியதில், வீட்டில் யாராவது தலைவலி என்று சொன்னால்கூட ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.

அதனால்தான் மெர்கோங் ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும், எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். படங்களில் வந்த வண்டிகளைச் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். கடைக்குப் பின்னால் அதற்கென்றே பெரிய கொட்டகை போட்டிருக்கிறார். ஒரு தடவை நன்றாக ஏமாந்துவிட்டார். ஒரு பழைய சண்டைப் படத்தில் கதாநாயகன் ஓட்டியது என்று அவர் வாங்கிய மோட்டார் சைக்கிள், அந்தப் படம் வெளிவந்து பல வருஷம் கழித்துத்தான் தயாராகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்புவதில்லை.

"தங்கச்சி, புக்கிட் செலம்பாவ்ல ஒரு அம்மா இருக்காங்க. வீட்டுக்காரரு தவறிட்டாரு. அந்த உளவுப் படத்துல தோட்டத்துக்குள்ள பின்னாலயே ஓடுமே ஒரு நீலக் கார், அது அவரு ஓட்டினதாம். இன்னும் வீட்லதான் நிக்குதாம். நீ போய்ப் பாரு லா. எனக்கு நம்பிக்கை இல்ல."

அந்தப் படம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்து எங்கள் ரப்பர் தோட்டங்களில் எடுத்த உளவுப் படம். உளவுக்காரி ஒருத்தி தப்பி ஓடுகிறாள். முன்னால் பாலத்தை அடைத்துவிடுகிறார்கள். காரைத் திருப்ப இடமில்லை. மரங்களுக்கு நடுவே, செம்மண் பாதையில், வந்த வழி முழுக்கப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போகிறாள். கதை யாருக்கும் ஞாபகமில்லை. அந்த ஒரு காட்சிதான் ஞாபகம்.

ஒரு வாரம் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நாற்பது படங்கள் அச்செடுத்தேன். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, யாரும் மாற்றி அடிக்கலாம். நம்பர் பிளேட் படத்துக்காக மாட்டிய பொய். எளிதில் மாறாதவை சில உண்டு: நெளிவு எந்த இடத்தில் விழுந்தது, பிளேட்டைப் பிடிக்க எங்கே துளை போட்டார்கள், கேமராவை எங்கே பொருத்தினார்கள். இன்னொரு சிக்கல், ஒரே மாதிரி மூன்று நான்கு கார்களை வைத்துக்கொண்டுதான் இப்படிக் காட்சிகளை எடுப்பார்கள். முகத்தைக் காட்ட ஒன்று, ஓட்ட ஒன்று, உடைக்க ஒன்று.

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே அந்த அக்காவின் வீடு. பக்கத்தில் தகரக் கொட்டகையில் கார் நின்றது. அக்கா குள்ளமான உருவம், ஐம்பதைத் தாண்டியவர். நான் காரைச் சுற்றிவர, அவரும் ஒரு அடி பின்னால் சுற்றி வந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. மறைக்க எதுவும் இல்லாதவர்கள் பொதுவாக உள்ளே போய் வேறு வேலை பார்ப்பார்கள்.

"அடியிலகூட பாக்கணுமாம்மா?" என்று கேட்டார்.

"அடியிலதான் அக்கா முக்கியமாப் பாக்கணும்."

முன்பக்கம் பிளேட்டுக்கு இரண்டு ஜோடித் துளைகள் இருந்தன. இடது கதவுக்குக் கீழே மூன்று போல்ட் துளைகளை வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். அங்கேதான் கேமரா தாங்கி நின்றிருக்க வேண்டும். பின் மட்கார்டின் உள்புறத்தைத் தடவினேன். நெளிவைச் சுத்தியலால் தட்டி எடுத்த தடம், படத்தில் கார் மரத்தில் உரசும் அதே இடத்தில் இருந்தது. எல்லாம் ஒத்துப்போனது. ஆனால் அடிப்பாகம் முழுவதும் புதுக் கறுப்புச் சாயம். முப்பது வருஷம் சும்மா நின்ற காருக்கு இப்போது எதற்குச் சாயம்?

"மழை ஒழுகி துரு புடிக்குதுன்னு நான்தான் அடிச்சேன்," என்றார் நான் கேட்பதற்கு முன்பே. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கத்தி முனையால் வெல்டிங் ஓரத்தைச் சுரண்டினேன். சாயத்துக்குக் கீழே பழைய துரு, அடுக்கடுக்காக. அண்மையில் யாரும் துளை போட்டு ஏமாற்றவில்லை.

பிறகு உள்ளே ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ளப் பார்த்தேன், அசையவில்லை. அதன் தண்டவாளத்தை வெட்டி, முன்னால் இழுத்து வெல்டிங் வைத்திருந்தார்கள். கிளட்ச், பிரேக் மிதிகளிலும் குட்டையான காலுக்கு எட்டும்படி மரக்கட்டை வைத்து முடுக்கியிருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போதே சுவரில் மாலை போட்ட அவர் கணவரின் படத்தைப் பார்த்திருந்தேன். வாசலில் நின்று எடுத்தது. தலை கதவு நிலையின் மேல்கட்டையை முட்டாத குறை. அப்படிப்பட்ட மனுஷன் இந்த இருக்கையில் கால் மடக்கி உட்காரவே முடியாது. இதில் எங்கே திரும்பிப் பார்த்துக்கொண்டு வண்டியைப் பின்னால் ஓட்டுவது?

"அக்கா, உங்க வீட்டுக்காரரு இந்த சீட்ல எப்படி உக்காந்தாரு?"

"அப்ப ஒல்லியா இருந்தாரு."

"ஒல்லியா இருந்தாலும் கால் நீளம்தானே?"

அவர் தேத்தண்ணி போட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். நானும் பின்னாலேயே போய் வீட்டு மேசையில் படங்களைக் கோப்பில் அடுக்கினேன். ஒரு பொய் இருக்கும் இடத்தில் இன்னும் இரண்டு இருக்கும் என்பது என் அனுபவம். வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்றே நினைத்துவிட்டேன்.

தேத்தண்ணியை இடது கையால் நீட்டினார். சுண்டுவிரல் மடங்காமல் வெளியே நின்றது. அந்தக் கையை நான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கியரைப் பின்னோக்கித் தள்ளும், கையுறை போட்ட கை மட்டும் திரையை நிறைத்து நிற்கும் ஒரு நொடி படத்தில் உண்டு. நடிகையின் கை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் படத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்தேன்.

"அக்கா, இது யாரு கை?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பால் லாரி கதவுல மாட்டி ஒடைஞ்ச வெரலும்மா அது."

ரப்பர் பால் ஏற்றும் லாரிக்கு அவருடைய அப்பாதான் டிரைவர். அப்பாவுக்கு முடியாத நாட்களில் மகள் ஓட்டியிருக்கிறார். அப்போது பத்தொன்பது வயது. நடிகைக்குப் பதிலாக ஓட்ட வந்த வெள்ளைக்காரப் பெண் மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். செம்மண் பாதையில் பின்னால் ஓட்டத் தெரிந்த பெண் யாராவது உண்டா என்று கம்பெனிக்காரர்கள் கேட்டபோது, தோட்டத்து மானேஜர் இவரைக் காட்டியிருக்கிறார்.

"கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு. கால்சட்டை போட்டு, செம்பட்டை முடி வச்சி, பக்கத்துல வெள்ளைக்காரன உக்கார வச்சி ஓட்டினேன்னு தெரிஞ்சா அவங்க வீட்ல ஒத்துக்குவாங்களா? அவருதான் சொன்னாரு, நான் ஓட்டினேன்னு சொல்லிடறேன்னு. கம்பெனி போறப்ப அடிபட்ட காரையும் அவருகிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாங்க. அவருக்குக் கார் ஓட்டவே தெரியாதும்மா. கடைசி வரைக்கும் மோட்டார் சைக்கிள்தான்."

"நீங்க அதுக்கப்புறம்?"

"ஓட்டினா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு ஸ்டியரிங்கத் தொடவே இல்ல."

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. கேமரா எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன்.

"எடது பக்கம், கதவுக்கு வெளிய. அந்தப் பக்கக் கண்ணாடிய கழட்டிட்டாங்க. புழுதி பூரா மூஞ்சியிலதான்."

அந்தக் காட்சியில் இடது ஜன்னலில் எந்த ஒளியும் பட்டுத் தெறிக்காததை நான் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடி இல்லை என்று யாரும் எழுதியதில்லை. கோப்பை மூடினேன். இவ்வளவு நேரம் ஒரு திருடியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று கூச்சமாக இருந்தது.

அவர் அனுமதியோடு அறிக்கையை எழுதினேன். மெர்கோங் அண்ணன் படித்துவிட்டு என்னையே ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தம்மா ஓட்டினாங்களா? நீயும் அவங்களும் சேர்ந்து என்னைய வச்சி வெளையாடலியே?"

அடுத்த ஞாயிறு காலை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். நீலக் காருக்குப் பிரேக் இல்லை. என் பழைய கியர் காரின் சாவியை அக்காவிடம் கொடுத்தேன். அவருடைய சொந்த நிலம், செம்பனை வரிசைகளுக்கு நடுவே வளைந்து போகும் மண் பாதை. அண்ணன் பின் இருக்கையில், நான் முன்னால். அக்கா ஓட்டுநர் இருக்கையில் இரண்டு தலையணை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு தடவை இன்ஜின் அணைந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார். மூன்றாவது தடவை கார் கிளம்பியது. அக்கா உடம்பைத் திருப்பி, இடது கையை என் இருக்கையின் முதுகில் போட்டு, பின் கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்த்தார். மரங்கள் எங்களைவிட்டு முன்னால் ஓடின. பாதை வளையும் இடத்தில்கூட வேகம் குறையவில்லை. அண்ணன் மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கார் நின்றதும், "போதும் லா அக்கா, நம்பிட்டேன்," என்றார்.

அண்ணன் விலை பேசி வாங்க, நீலக் கார் மெர்கோங் போனது. ஓட்டியவர் புக்கிட் செலம்பாவ் பெண் ஒருவர் என்று அதன் முன்னால் அட்டை வைத்திருக்கிறார்கள். பேர் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

பத்து நாள் கழித்து அவருடைய மகள் எனக்குப் போன் செய்தார். பாடாங் செராயில் ஆசிரியை.

"எங்கப்பாதான் ஓட்டினாருன்னு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வளர்ந்தவ நான். அம்மாவ மிரட்டி இப்படிச் சொல்ல வச்சீங்களா?"

நான் இத்தனை வருஷமாக மற்றவர்களிடம் கேட்கும் குரலிலேயே கேட்டார். என்ன சொல்லியும் அவர் நம்பவில்லை. கடைசியில், கார் சாவியை அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஒரு வாரம் கழிந்தது. பிறகு அந்த மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மாவுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம், முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டியிருக்குமா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?