பூங்கொடி டீச்சர் பேசி முடித்த கிடை

தொண்ணூற்றெட்டு பங்குனியில் நாகலாபுரம் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது: தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை பூங்கொடி டீச்சர் ஆட்டுத்தரகு பார்க்கிறாராம். பஸ் விளாத்திகுளம் போய்த் திரும்புவதற்குள் டீச்சருக்கு ஒரு மந்தையே சொந்தமாகிவிட்டது. கோவில்பட்டி வரை போய் விசாரித்தால், அந்த மந்தையில் சில ஆடுகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தினமும் ஆஜர் போடுவதாகவும் சொன்னார்கள்.

சரிபார்க்க இறங்கினால் பாதி பொய். டீச்சரிடம் ஒரு குட்டிகூடக் கிடையாது. தரகு பார்த்தது மட்டும் நிஜம்.

அவர் பள்ளி நாகலாபுரத்துக்குக் கிழக்கே ஒரு சின்னக் கரிசல் ஊரில். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கழுத்தில் டை கட்டி வேனில் கோவில்பட்டிக்குப் போய்விடும். வேறு சில வீட்டுப் பிள்ளைகளை விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வேன் வேலைக்கு அள்ளிக்கொண்டு போகும். இரண்டு வேனும் ஏற்றிக்கொள்ளாத மிச்சம்தான் டீச்சருக்கு. மிச்சத்தில் பாதி, கிடை போடுகிற வீட்டுப் பிள்ளைகள்.

அறுவடை முடிந்த காட்டில் ராத்திரி பூரா ஆட்டை அடைத்து, தினம் ஒரு துண்டாக இடம் மாற்றி நிறுத்துவதுதான் கிடை. நிலத்துக்கு உரம், ஆட்டுக்காரருக்குக் கூலியாகத் தானியம். பங்குனியில் கண்மாய் வற்றியதும் கிடைக்காரர்கள் குடும்பத்தோடு ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல்வெளிக்குக் கிளம்பிவிடுவார்கள். முழுப்பரீட்சை வருவதோ சித்திரையில்.

அதனால் பள்ளியின் தேர்ச்சி நூறு சதவீதம். பரீட்சைக்கு வந்தவர்களைத்தானே கணக்கில் எடுப்பார்கள்? வராத பிள்ளை தோற்க வழியில்லை. கல்வி அலுவலகம் வருஷா வருஷம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. டீச்சர் அதைப் படிக்கும்போதெல்லாம் முத்துசெல்வியின் அக்காதான் ஞாபகத்துக்கு வருவாள். ஐந்தாம் வகுப்புப் பங்குனியில் ஆட்டோடு போனவள், திரும்பி வந்ததும் ஏறியது தீப்பெட்டி வேனில். இப்போது முத்துசெல்வி ஐந்தாம் வகுப்பு. இந்த வருஷம் ஆட்டுவீட்டுப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் பரீட்சை எழுதியாக வேண்டும் என்று டீச்சர் முடிவுகட்டினார். முதலில் போனது முத்துசெல்வியின் அப்பா மாடக்கண்ணுவிடம். கிடைக்காரர்களுக்கு அவர்தான் பெரிய தலை.

"பரீட்சை வரைக்கும் புள்ளையள மட்டும் விட்டுட்டுப் போங்களேன்."

"குட்டிய யாரு பாக்க? நீங்க வாரீயளா?"

"தானியத்துல பங்கு உண்டுன்னா வாரேன்."

மாடக்கண்ணு சிரித்துவிட்டார். "ஆடு எங்கன நிக்குதோ நாங்களும் அங்கனதான் டீச்சர். நீங்க ஆட்டை நிறுத்துங்க, புள்ளைய தன்னால நிக்கும்."

அவர் கேலிக்குச் சொன்னார். டீச்சர் அரசாணை வந்ததுபோல எடுத்துக்கொண்டார். தண்ணீரோடு ஒரு காடு கிடைத்தால் பரீட்சை முடிய எத்தனை ராத்திரி நிற்பார்கள் என்று அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, நேரே சாமித்துரை வீட்டுக்கு நடந்தார். சாமித்துரைக்குப் பள்ளிக்கூடத்தை ஒட்டிப் பருத்திக்காடு. கோடையிலும் வற்றாத கிணறு ஊரிலேயே அவருடையது ஒன்றுதான். அதில் ஒரு குடம் இறைக்க விடுவதற்கே ஒன்பது கேள்வி கேட்பார்.

"அண்ணாச்சி, ஒங்க காட்டுல கிடை போட ஆள் இருக்கு."

"நீங்க எப்பத்துல இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தீய?"

"சம்பளம் பத்தல."

"கடைசிப் பருத்தி இன்னும் எடுக்கலையே."

"பாத்துட்டுத்தான் வாரேன். அதுல பருத்தியவிடக் காத்துதான் நெறைய வெடிச்சிருக்கு."

சாமித்துரை தாடையைச் சொறிந்தார். "பன்னெண்டு ராத்திரி நின்னாத்தான் காடு பூரா நனையும். நிக்கும்னு நீங்க சொல்லுங்க, ஆட்டுக்குக் கெணத்துத் தண்ணியும் விடுதேன்."

மாடக்கண்ணு ஒத்துக்கொண்டது பத்து. பரீட்சை முடிந்த மறுநாள் விடியவே கிளம்பியாக வேண்டும், வயல்காரர் காத்திருக்கிறார் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். இரண்டு தலைமுறைக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்த டீச்சர் பன்னிரண்டில் பத்தைக் கழித்தார். மீதியை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நின்னுரும் அண்ணாச்சி."

கிடை விழுந்தது. காலையில் குட்டிகளை ஓலைக் கூண்டான கூடாப்புக்குள் அடைத்துவிட்டு முத்துசெல்வியும் மற்றவர்களும் பரீட்சைக்கு ஓடி வந்தார்கள். வகுப்பறையில் ஆட்டு வாடை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கிடா கத்தினால் உள்ளே ஒருத்தி பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். "அது எழுதிக்கிடும், நீ எழுதுட்டி" என்பார் டீச்சர். பெஞ்சில் ஓர் இடம்கூடக் காலியில்லை.

கடைசித் தாள் முடிந்த மறுநாள் சாமித்துரை பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஆட்டைக் காணோம்."

"போயிட்டாக அண்ணாச்சி."

"இன்னும் ரெண்டு ராத்திரி பாக்கி இருக்கே."

"என் கணக்குல எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டார். அந்த விஷயத்தில் அவர் பலே ஆள்.

முத்துசெல்வி பாஸ். ஆட்டுவீட்டுப் பிள்ளைகளில் மூன்று பேர் கணக்கில் கோட்டைவிட்டார்கள், நூறு எண்பதாகிவிட்டது. பாராட்டுக் கடிதம் அனுப்பிய அதே அலுவலகம், கல்வித்தரம் சரிந்ததற்கு விளக்கம் கேட்டது. டீச்சர் ஒரே வரியில் பதில் எழுதினார்: 'இந்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளும் பரீட்சைக்கு வந்துவிட்டார்கள், அடுத்த ஆண்டும் வருவார்கள்.' அந்த மூன்று பேரையும் ஜூனில் முன்பெஞ்சில் உட்காரவைத்தார்.

அடுத்த ஆண்டும் எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். சாமித்துரை காட்டில் அடுத்த வெள்ளாமை இடுப்பளவு நின்றதைப் பார்த்துவிட்டு, காடு வைத்திருக்கிற மற்ற சம்சாரிகள் தை மாதமே டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வருஷா வருஷம் பரீட்சை வரைக்கும் கிடைக்குப் பஞ்சமில்லை. பரீட்சை வரைக்கும் உள்ள ராத்திரியெல்லாம் அவர்கள் காட்டுக்கே சரியாகிவிடும், பரீட்சை முடிந்ததும் ஆடு கிளம்பிவிடும், சாமித்துரைக்குக் கொடுக்க ஒரு ராத்திரிகூட மிச்சமில்லை. முத்துசெல்வி நாகலாபுரம் உயர்நிலைப்பள்ளியில் ஒன்பதாவதுக்கு வந்துவிட்டாள். சாமித்துரையின் பாக்கி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் டீச்சரே பேச்சை எடுத்தார்.

"ஒரு டிராக்டர் எரு அடிச்சுத் தாரேன் அண்ணாச்சி. தீத்துக்கிடுவோம்."

"எரு வேற, கிடை வேற. மூத்திரம் டிராக்டர்ல வருமா டீச்சர்?"

பஸ் வந்தது, டீச்சர் ஏறிக்கொண்டார். சாமித்துரை காட்டின் வடமூலையில், ஆடு நிற்காத அந்தத் துண்டில் மட்டும், பருத்தி இன்னும் முழங்கால் உயரம்தான். பஸ் அந்த வழியாகப் போகும்போது டீச்சர் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவதில்லை.