இழுவலை மெத்தை

என் மகளுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. கட்டில், முக்காலி, குனிந்து வீடு பெருக்குகிற என் முதுகு என்று எதைக் கண்டாலும் ஏறிவிடுகிறாள். அவள் விழுகிற இடமெல்லாம் தலையணை அடுக்கி வைக்கிறேன். அடுக்கியபின், இப்படியே வளர்ந்தால் விழத் தெரியாமல் போய்விடுமோ என்று இரண்டை எடுத்துவிடுகிறேன். எடுத்தபின் மனது கேட்காமல் திரும்ப வைக்கிறேன். "தலையாணி பிள்ளைக்கா, உனக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் அப்பா வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். எனக்கு ஒருகாலத்தில் மீன்பிடி வலைதான் தலையணையாகக் கிடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

கொரோனா வந்த வருஷம் அது. எனக்குப் பதினேழு நிறையவில்லை. பள்ளிக்கூட மணலில் உயரம் தாண்டிக்கொண்டிருந்த என்னை, சென்னையில் ஒரு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பா ரயிலில் கூட்டிப் போனார். விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. முதல் நாள் ஓடவிட்டார்கள். தாண்டுவதற்கு மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் போனால் மைதானத்து வாசலில் பூட்டு. நோய் பரவுகிறது, எல்லாரும் ஊருக்குப் போங்கள் என்று காவலாளி சொன்னார். விடுதிப் பயிற்சியாளர் மட்டும் கேட்டுக்கு உள்ளே நின்றபடி, அப்பாவின் செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டார். வந்த வேகத்திலேயே தூத்துக்குடி ரயிலில் திரும்பினோம். பெட்டி முழுக்கக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்ட ஆட்கள். யாராவது தும்மினால் மொத்தப் பெட்டியும் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் பயிற்சியாளரிடமிருந்து குரல் செய்தி வந்தது. நேரில் பார்ப்பது இப்போதைக்கு நடக்காது, வீடியோவைப் பார்த்தே எடுக்கப்போகிறோம் என்றார். கத்தரிக்கோல் மாதிரிக் காலை வீசித் தாண்டுகிற பள்ளிக்கூட முறை செல்லாது. முதுகைக் கம்புக்குக் கொடுத்து, மல்லாந்து தாண்ட வேண்டும். உயரம் ஒரு மீட்டர் நாற்பது. அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்தேன். அம்மாவின் நுனிமூக்குக்கு வந்தது.

மல்லாந்து தாண்டினால் மல்லாந்துதான் விழ வேண்டும். மணலில் அப்படி விழுந்தால் கழுத்து என்னாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெத்தைக்கு எங்கே போவது? கடைகளே அடைத்துக் கிடந்தன.

எங்கள் தெருவின் கடைசியில் கடல். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பங்கில் ஒரு விசைப்படகு இருந்தது. ஊரடங்கில் படகு கட்டப்பட்டது. அது தீருமுன்னே வருஷாவருஷம் மீன் குஞ்சு பொரிக்கிற தடைக்காலமும் சேர்ந்துகொண்டது. படகின் இழுவலை எங்கள் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் குவிந்து கிடந்தது. பை மாதிரி நீண்டு, மடி என்கிற வாலில் முடிகிற பெரிய வலை. கிழிசல் பார்ப்பது அம்மாவின் வேலை என்பதால் அது எப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். ஒருநாள் துணி காயப்போடுகிற கொடியைத் தாண்டிப் பார்க்கிறேன் என்று போய், அந்தக் குவியல்மேல் மல்லாக்க விழுந்தேன். வலிக்கவில்லை. எழுந்து மறுபடி விழுந்தேன். அப்போதும் வலிக்கவில்லை.

அப்பாவோடு பெரியப்பாவிடம் கேட்கப் போனபோது அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

"ஏலே தம்பி, இங்கன பாரு. வலையில மீனு விழுந்து பாத்திருக்கோம். ஒம் மவ விழுதேங்கா." பிறகு என்னிடம், "சும்மா கெடந்தா எலிதான் கடிக்கும். குதி. கடலுக்குப் போற அன்னைக்கி மட்டும் என் வலை எனக்கு வந்துரணும்" என்றார்.

வலையிலிருந்த மிதவைகளையும் இரும்புக் குண்டுகளையும் அப்பா கழற்றிக் கொடுத்தார். இரண்டு பெயின்ட் வாளிகளில் மணலை நிரப்பி மூங்கில் நட்டோம். குறுக்கே பிளாஸ்டிக் குழாய். அம்மாவுக்கு மட்டும் இதில் எதுவும் பிடிக்கவில்லை. "கழுத்து முறிஞ்சா எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட? எல்லாம் பூட்டிக் கெடக்கு. ஊர்ல பொட்டப்பிள்ளைய எல்லாம் வீட்டுக்குள்ள இருந்து தாயம் உருட்டுதுக. இவ கொல்லையில ஆடு மாதிரி துள்ளுதா" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியே சொல்வாள்.

சொல்லிக்கொண்டே விடிகாலையில் எழுந்து, குவியல் முழுவதையும் பிரித்து உதறித் திரும்பக் குவிப்பாள். கேட்டால், "எலி குட்டி போட்டுரும்லா? உனக்கென்ன, வலை எங்களுக்குச் சோறு" என்பாள். முந்தின நாள் நான் விழுந்து விழுந்து அமுங்கிய குவியல் ஒவ்வொரு காலையும் உப்பலாக என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. வலைமேல் அம்மாவுக்கு அப்படி ஒரு பற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பழக்கம் சுலபமாக வரவில்லை. ஓடி வந்து, கடைசி எட்டு வைக்கையில் திரும்பி, காணாத இடத்தில் முதுகைப் போட வேண்டும். எனக்கோ விழப்போகும் இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தால் இடுப்பு தாழும், குழாய் விழும். என் முதுகெல்லாம் வலைக்கண்ணியின் அச்சு. எவ்வளவு சோப்புப் போட்டாலும் உடம்பில் கருவாட்டு வாடை போகாது. ஆனாலும் விடவில்லை. அம்மாவின் தோளில் தொடங்கிய குழாய் கழுத்துக்கு ஏறியது, பிறகு தாடைக்கு. உதட்டில் வந்து நின்றுவிட்டது. உதட்டுக்கும் மூக்குக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வீடியோ வர வேண்டும், அதற்குப் பிறகு பார்க்க மாட்டோம் என்று பயிற்சியாளர் சொன்னார். தடைக்காலத்தை இந்த வருஷம் முன்கூட்டியே முடிக்கிறார்கள், திங்கட்கிழமை படகுகள் கடலுக்குப் போகலாம் என்று துறைமுகத்திலிருந்து பெரியப்பா சொன்னார். தெருவே சந்தோஷத்தில் இருந்தது. நான் மட்டும் விரல்விட்டு நாள் எண்ணினேன். திங்கட்கிழமை கடலுக்குப் போக வேண்டுமென்றால் சனிக்கிழமையே வலையைப் படகில் ஏற்றியாக வேண்டும். வெள்ளிக்கிழமை இருட்டும்வரை தாண்டினேன். குழாய் ஒவ்வொரு தடவையும் விழுந்தது. அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அம்மா எழுப்பவில்லை.

சனிக்கிழமை காலையில் பெரியப்பா குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார்.

"ஏளா, மெத்தைய மடக்கு. படகு பசியில கெடக்கு."

நான் வாய் திறக்குமுன் அம்மா கொல்லைக்கு வந்துவிட்டாள். "அத்தான், ஏத்தாதீங்க. மடி கிழிஞ்சு கெடக்கு."

"எங்கன?"

குவியலின் அடியில், வேலியோரமாகக் கிடந்த வால்பகுதியை அம்மா இழுத்துப் போட்டாள். ஒரு ஆள் தலையும் தோளும் நுழைகிற ஓட்டை. பெரியப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. ஓட்டைக்கு அது தேவைப்படவில்லை.

"கட்டிப்போட்டப்ப நல்லாத்தான கெடந்துச்சு?"

"கட்டிப்போட்டப்ப இவ குதிச்சாளா?" அம்மா என் பக்கம் திரும்பினாள். "பாருங்க, பொரண்டு பொரண்டு கிழிச்சு வச்சிருக்கிற லட்சணத்த. பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இந்தத் துள்ளல்னு தொண்ட கிழியச் சொன்னேன். ஒருத்தர் காதுல ஏறுச்சா? இந்த ஓட்டையோட இழுத்தா ஒரு நெத்திலி நிக்குமா?"

அம்மா அவ்வளவு உரக்கத் திட்டி நான் கேட்டதே இல்லை. பெரியப்பா திட்டுவதற்கு மிச்சம் எதுவும் இல்லாமல் போனது. அவர் அப்பாவைப் பார்த்தார்.

"ஏலே, ஊரே திங்கக்கெழம போவுது. நாம கரையில நின்னு கை காட்டணுமா? மொத நாள் மீன்பாடு என்னன்னு உனக்குத் தெரியாதா?"

எனக்கே தெரியும். இரண்டு மாதத்துக்கு மேல் யாரும் இழுக்காத கடல். மீன் கிடைக்காமல் தவிக்கிற ஊர். அன்று கொண்டுவருகிற மீனுக்கு வைத்ததுதான் விலை.

அப்பா குனிந்து ஓட்டையின் ஓரத்தைக் கையில் எடுத்தார். இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா மதில்மேல் இருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தைக்க ரெண்டு நாளாவும்ணே. செவ்வாக்கெழம போவோம்" என்றார்.

"நீங்க குடும்பத்தோட ஒலிம்பிக்குக்கே போங்க" என்று வண்டிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் பெரியப்பா போனார்.

அம்மா வேலியோரம் பலகையைப் போட்டு உட்கார்ந்து, கிழிந்த வாலை மட்டும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "இந்த ஓரந்தான் எனக்கு வேணும். மிச்சத்த யாரும் தொடாதீங்க, அங்கனயே கெடக்கட்டும்." நான் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓட்டையைச் சுற்றி நூல்முனைகள் எல்லாம் ஒன்றுபோல, நகம் வெட்டினாற்போல நின்றன. "எல்லாம் ஒரே மாதிரி அறுந்திருக்கும்மா" என்றேன். "நீ குதிச்ச லட்சணம் அப்படி. நூலக் குடுத்துட்டுப் போ, வெயிலு ஏறுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து குழாயை மூக்கு உயரத்தில் வைத்துத் தாண்டினேன். அப்பா செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் இரண்டு வீடியோவிலும் அவர் கட்டைவிரல்தான் இருந்தது. குழாய் விழுவதும் நான் எடுத்து வைப்பதுமாகப் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. என்னால் வலை கிழிந்தது, என்னால் படகு நிற்கிறது, இதிலும் தோற்றால் எந்த முகத்தோடு பெரியப்பா வீட்டு வழியாகப் போவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

தலையைத் தூக்காமலே அம்மா கேட்டாள். "என்னளா, நேரமெல்லாம் குழாய் விழுத சத்தமாவே கேக்குது. வேற சத்தம் வராதா?"

கோபத்தில் அடுத்த தடவை விழப்போகும் இடத்தைத் திரும்பிப் பார்க்க மறந்துவிட்டேன். முதுகுக்குக் கீழே வலை புஸ்ஸென்று மூச்சு விட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தால் மேலே குழாய் இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. அப்பா, "விழுந்துட்டு, விழுந்துட்டு" என்று கத்தினார். வீடியோ பதிந்துவிட்டது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அம்மா ஊசியைக் கண்ணிக்குள் விட்டு எடுத்தாள். அவ்வளவுதான்.

இருட்டிய பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வலைய நாந்தான கிழிச்சேன். இனிமே குதிக்கலம்மா" என்றேன்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "குதிக்கலன்னா இவ்வளவு திட்டுனதும் வீணால்லா போவும்? அடுத்த தடவ ஓரத்துல விழாத. நடுவுல விழு."

திங்கட்கிழமை விடியுமுன் ஊர்ப் படகுகளின் இன்ஜின் சத்தம் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போய் மறைந்தது. அப்பா கடுங்காப்பியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விடுதியில் எனக்கு இடம் கிடைத்தது. அது திறக்க மாதக்கணக்கானது. அதுவரை, படகுகள் ஓடத் தொடங்கியபின் ஊரார் கழித்துப்போட்ட பழைய வலைகளைச் சேர்த்துத் தாண்டினேன். இரண்டு வருஷம் அங்கே இருந்து மாநிலப் போட்டிவரை போனேன். அதற்கு மேல் உயரம் ஏறவில்லை. பட்டம் வாங்கினேன், கல்யாணமானது, தூத்துக்குடி மில்லர்புரத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். அந்த முதல் நாள் மீன்பாடு போனதற்கு இது ஈடுதானா என்று இப்போதும் சில நேரம் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் தொட்டிலுக்குக் கொசுவலை கட்டினேன். ஒரு மூலை ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. ஒட்டுப் போட மிச்ச வலையிலிருந்து ஒரு துண்டைப் பிளேடால் வெட்டி எடுத்து, இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிழிந்த துண்டில் நூல்முனைகள் இழுபட்டுத் துடைப்பம்போலச் சிலும்பி இருந்தன. வெட்டிய துண்டில் எல்லாம் ஒன்றுபோல, நகம் வெட்டினாற்போல நின்றன. மகள் என் முதுகில் ஏறிக்கொண்டிருந்தாள்.

இழுவலையின் அந்த ஓரம் வேலியை ஒட்டி, குவியலுக்கு அடியில் கிடந்தது. அங்கே நான் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. ஆனால் அன்றைக்கு, இனி நடுவில் விழ வேண்டும் என்று மட்டும் மனதில் குறித்துக்கொண்டு, அம்மாவுக்கு இன்னொரு கண்டு நூல் எடுத்துக் கொடுத்தேன்.